கீரையை ஈரத்தோடு கட்டி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலும் கோயிலிலும் என்னிடம் பேசும் இளம் பெண்கள் பலர் கீரை வாங்குவதையே விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். விலையைக் குறை சொல்லவில்லை. ஆய்வதற்கு நேரமில்லை என்றுகூடச் சொல்லவில்லை. “வாங்கி வைத்தால் மறுநாளே கொழகொழவென்று ஆகிவிடுகிறது அம்மா, தூக்கிப் போடும்போது பாவமாக இருக்கிறது” என்கிறார்கள். பிள்ளை கீரை தின்ன வேண்டும் என்று ஆசைப்படும் தாயே, அழுகல் நாற்றத்துக்குப் பயந்து கீரைக் கடையைக் கடந்து போகிறாள். இதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நானும் என் கணவரும் சிங்கப்பூர்த் தீவின் வடக்கே ஓர் ஈரச்சந்தையில் பல ஆண்டுகள் கீரையும் காய்கறியும் விற்றோம். அவர் காலமான பிறகு கடையை விட்டுவிட்டேன். கடையில் நின்ற காலத்தில் நான் கண்டது இதுதான்: ஒரே கூடையிலிருந்து ஒரே நாளில் இருவர் கீரை வாங்கிப் போவார்கள். ஒருவர் மறுநாளே வந்து கீரை கெட்டுவிட்டது என்பார். இன்னொருவர் அடுத்த வாரம் வந்து, போன வாரக் கட்டு நேற்றுத்தான் தீர்ந்தது என்பார். கீரை ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிறகு அதை வைத்த விதம்தான் வேறு.

கீரை எப்படி நம் கைக்கு வருகிறது என்பதிலிருந்து சொன்னால்தான் விஷயம் விளங்கும். பெரும்பாலான கீரை மலேசியாவிலிருந்து லாரியில் கடற்பாலம் தாண்டி வருகிறது. கொஞ்சம் லிம் சூ காங், சுங்கை தெங்கா பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. 1983இல் திறந்த பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் இரவெல்லாம் வியாபாரம் நடக்கும். என் கணவர் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பிப் போய், விடிவதற்குள் கட்டுகளோடு கடைக்கு வந்துவிடுவார். குளிரூட்டி இல்லாத கடை. ஏழு மணிக்கே புழுக்கம் தொடங்கிவிடும். அப்போது கீரைமேல் தண்ணீர் தெளிக்காவிட்டால் ஒன்பது மணிக்குள் தலை தொங்கிவிடும். அதனால் தெளிப்போம். எல்லாக் கடைக்காரர்களும் தெளிப்பார்கள். காற்றோட்டத்தில் விரித்து வைத்த கீரைக்கு அந்தத் தண்ணீர் நல்லதே செய்கிறது. இலைமேல் பட்ட நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது.

அதே தண்ணீர் நெகிழிப் பைக்குள் போனதும் கேடாகிவிடுகிறது. சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் கட்டை மெல்லிய பையில் திணித்து முடிச்சுப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். பஸ்ஸிலோ ரயிலிலோ வீட்டுக்கு வந்து, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறோம். எல்லா நாசமும் இந்த ஒரு செயலில் இருக்கிறது.

பறித்த கீரைக்கு உயிர் போய்விடுவதில்லை. வேரை விட்டு வந்த பிறகும் அது மூச்சு விடுகிறது. தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைச் செலவழித்து, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். கீரையின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு போனாலே இலை வாடித் தெரியும். ஆகவே கீரைக்கு இரண்டு ஆபத்துகள். வெளியே கிடந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை இழந்து வாடுகிறது. முடிச்சுப் போட்ட பைக்குள் கிடந்தால் மேலே ஒட்டிய தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகி அழுகுகிறது. சுற்றிலும் உள்ள காற்று ஈரப்பதமாக இருக்க வேண்டும், இலையின் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து அமைந்தால் கீரை நிற்கும். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் வீட்டில் இதைச் செய்வது மிக எளிது.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுவதற்கு முன்பே பையை அவிழ்த்துவிடுங்கள். கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்து எறியுங்கள். வளையம் இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மஞ்சளான இலை, கறுத்த இலை, ஒடிந்த தண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஓர் அழுகிய இலையை விட்டு வைத்தாலும் பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். பிறகு ஒரு பழைய பருத்தி வேட்டியையோ துண்டையோ மேசைமேல் விரித்து, கீரையை மெல்லிய அடுக்காகப் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். இலையைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் இலை துவளவும் கூடாது. அந்தப் பக்குவத்தில் எடுத்துவிட வேண்டும். விசிறியைப் போட்டுவிட்டு மறந்து தூங்கிவிட்டால் கீரை வாடிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நேரத்தில் கழுவ வேண்டாம். மண்ணோடு எப்படிப் பெட்டிக்குள் வைப்பது என்று என் மருமகள் கேட்டாள். வேரில் இருக்கும் மண்ணை உதறிவிட்டோ, வேர்ப்பகுதியை மட்டும் நறுக்கிவிட்டோ வைக்கலாம். சமைக்கப் போகும்போது தண்ணீரில் சற்று நேரம் ஊறவிட்டு, ஓடும் நீரில் நன்றாக அலசிக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே கழுவி ஆய்ந்து வைக்க விரும்புவது எனக்குப் புரிகிறது. அப்படிச் செய்வதானால் நீர் முழுவதும் வடிந்து, துணியில் ஒற்றி, விசிறிக் காற்றில் உலர்ந்த பிறகே டப்பாவில் அடையுங்கள். நறுக்கி மட்டும் வைக்காதீர்கள். நறுக்கிய இலை சீக்கிரம் கறுக்கும், சத்தும் விரைந்து குறையும்.

உலர்ந்த கீரையை மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, அதை ஒரு டப்பாவிலோ வாய் கட்டாத பையிலோ வையுங்கள். துணி மிகுதி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், டப்பா காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள். சமையலறைத் தாளிலும் சுற்றலாம். இப்படி வைத்தால் தண்டுக்கீரை, முளைக்கீரை, சவி எனும் கடுகுக்கீரை எல்லாம் நான்கைந்து நாள் தாராளமாக இருக்கும்.

பலர் வீட்டில் பழைய செய்தித்தாளில் சுற்றுகிறார்கள். எங்கள் தலைமுறை முழுவதும் அப்படித்தான் செய்தது. உங்கள் நாளிதழையே கீரை சுற்ற எடுத்து வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அச்சு மை உணவில் படுவது நல்லதல்ல. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016இல் உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று எச்சரித்தது. 2023இலும் அதையே மீண்டும் சொன்னது. ஈரமான கீரையில் மை எளிதாக ஒட்டும். ஆகவே துணிக்கு மாறிவிடுங்கள். துவைத்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

பெட்டிக்குள் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். அடியில் இருக்கும் காய்கறி இழுப்பறைதான் கீரைக்கு ஏற்றது. அதில் காற்றுத் துளையைத் திறந்து மூடும் வசதி இருந்தால் கீரை இருக்கும் பக்கம் மூடியே இருக்கட்டும். மேல் தட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் உறைபனி பட்டு இலை கண்ணாடிபோல் ஆகிவிடும். எடுத்து வெளியே வைத்ததும் கூழாகிவிடும். கதவுத் தட்டிலோ திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவற்றைக் கீரையோடு ஒரே இழுப்பறையில் போடவே கூடாது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. அது பட்டால் இலை மஞ்சளித்துவிடும். கடையிலும் நாங்கள் வாழைத்தாரைக் கீரைக் கூடைக்கு எதிர்மூலையில்தான் தொங்கவிடுவோம்.

எல்லாக் கீரையையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. முருங்கைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொத்தோடு பெட்டியில் வைத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நாளில் இலையெல்லாம் மஞ்சளித்து உதிர்ந்து, ஈர்க்கு மட்டும் கையில் வரும். உதிர்வது அதன் இயல்பு. அந்த இயல்பையே நம் வீட்டுப் பெரியவர்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாலையில் கொத்துகளை உலர்ந்த துணியில் இறுக்கிச் சுற்றி, அடுப்படி மூலையில் வெளியிலேயே வைத்துவிடுவார்கள். விடிந்ததும் மூட்டையைப் பிரித்து உதறினால் இலை பச்சை மாறாமல் தானாகக் கொட்டும். ஒவ்வோர் ஈர்க்காக உருவிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முருங்கைக்கீரையை ஆய நேரமில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உதிர்ந்த இலையை அன்றே சமையுங்கள். மீந்ததை உலர்ந்த டப்பாவில் சமையலறைத் தாள் விரித்து வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். இன்னும் மிஞ்சினால் நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடை மாவிலும் பருப்புப் பொடியிலும் சேர்க்கலாம். நம் ஊர்க் காற்றில் காய்வதற்கு நேரமாகும். மழைநாளில் முயல வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.

கொத்தமல்லியை வேரோடு வாங்குங்கள். வேர் நறுக்கிய கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, வேர் மட்டும் நனையும்படி நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள் வையுங்கள். தண்ணீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றினால் இரண்டு வாரம்கூட நிற்கும். புதினாவையும் அப்படியே நிறுத்தலாம். அதன் தண்டைப் பெட்டிக்கு வெளியே தண்ணீரில் வைத்தால் வேர் விடும், பிறகு தொட்டியில் நடலாம். காங்கோங் எனும் வள்ளைக்கீரையின் தண்டும் வேர் விடும். அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம்.

காங்கோங் மிகுந்த குளிரைத் தாங்காது, இலை கறுக்கும். அதை வாங்கிய மறுநாளுக்குள் வதக்கிவிடுவதே நல்லது. துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகவே கூடாது, கறுத்துவிடும். அவற்றைப் பூங்கொத்து வைப்பதுபோல் குவளைத் தண்ணீரில் மேசைமேல் வையுங்கள். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாமல் துடைத்து, சமையலறைத் தாள் விரித்த டப்பாவில் மூடி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் கறுப்புப் புள்ளி விழும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி ஆகியவற்றுக்குத் துணிச் சுற்றே போதும். ஏகாதசியன்று வாங்கி மறுநாள் துவாதசிக்கு வைத்திருக்கும் அகத்திக்கீரையையும் ஈரத் துணியில் சுற்றாதீர்கள். உலர்ந்த துணியில் சுற்றுங்கள்.

வாடியதை அழுகியது என்று எண்ணித் தூக்கிப் போடும் வழக்கமும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. வாடிய கீரை தண்ணீர் இழந்த கீரை மட்டுமே. தண்டின் நுனியைச் சிறிது நறுக்கிவிட்டு, குளிர்ந்த நீரில் கால் மணி, அரை மணி நேரம் கிடத்தினால் இலை தண்ணீரைக் குடித்து மறுபடி விறைக்கும். அதைச் சமைக்கலாம். வழவழப்பும் நாற்றமும் வந்துவிட்டால் அது அழுகியது. நல்ல இலையைப் பொறுக்கி எடுக்கலாம் என்று ஆசைப்படாமல் அந்தக் கட்டையே ஒதுக்கிவிடுங்கள்.

கீரை அதிகமாகிவிட்டால் உறைய வைக்கலாம். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, பிழிந்து, ஒருவேளைக்கு வேண்டிய அளவாக உருட்டி உறைபெட்டியில் வையுங்கள். மசியலுக்கும் கூட்டுக்கும் நன்றாகவே இருக்கும். பொரியலுக்கு ஆகாது.

சமைத்த கீரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீரையை இரவில் தின்னாதே, மறுநாளுக்கு வைக்காதே என்று என் அம்மா கண்டிப்பாகச் சொல்வார். இப்போதைய பிள்ளைகள் அதை மூடநம்பிக்கை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கீரையில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். சமைத்த கீரையை வெப்பமான அறையில் பல மணி நேரம் விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்தத் தடை வீட்டைக் காப்பாற்றியது. இன்று பெட்டி இருக்கிறது. 5 முதல் 60 டிகிரி வரைதான் உணவில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது. ஆகவே மதியம் செய்த மசியலை இரவு வரை அடுப்பின்மேல் வைக்காமல், சூட்டை ஆற்றி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்கு அன்றன்றைக்குச் செய்து கொடுப்பதே சரி.

2023இல் மட்டும் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு உண்டானதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்குத் தந்தது. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எங்கோ ஒருவர் விதைத்து, பூச்சி பார்த்து, அறுத்து, லாரியில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டி வந்து சேர்த்த கட்டு, ஒரு முடிச்சை அவிழ்க்காத காரணத்தால் குப்பைத் துளைக்குள் போகிறது. கீரை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவளுக்கு இது தாங்கக்கூடியதாக இல்லை.

இன்னும் கடை வைத்திருக்கும் தம்பி தங்கைகளிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வாடிக்கையாளர் கேட்டு நிற்கும்போது கடைசியாக ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பையில் போடுவதை நிறுத்துங்கள். கட்டை நன்றாக உதறிக் கொடுங்கள். பையை முடிச்சுப் போடாமல் கொடுங்கள். துணிப்பை கொண்டுவந்தால் அதிலேயே உருளைக்கிழங்குக்கு மேலாகக் கீரையை வைத்துக் கொடுங்கள். கொத்தமல்லி, முளைக்கீரையின் வேரை அழகுக்காக நறுக்காதீர்கள். தனியாக வசிக்கும் முதியவர்கள் இப்போது நம் பேட்டைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு கட்டு அதிகம். அரைக் கட்டு கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் கீரையே வாங்காமல் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ‘அரைக் கட்டும் கிடைக்கும்’ என்று ஓர் அட்டையில் எழுதிக் கூடைமேல் குத்தி வையுங்கள். கட்டைப் பிரிப்பதால் நட்டம் வராது. நாங்கள் அப்படித்தான் விற்றோம். மீதி அரைக் கட்டும் பத்து மணிக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
கீரைக் கடை நடத்திய ஒரு வாசகி,
ஈசூன்